நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் காரைப் பற்றி எழுதுவதில்லை. அவர்கள் எங்கேயாவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எழுதுகிறவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்கள். அம்மாவின் சின்னக் காரை, அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் ராசாவிலிருந்து சிரம்பான் பாசாருக்கு ஓட்டிப்போய் கீரையும் மீனும் வாங்கி வந்து இறக்கிவிட்டு, அன்று மாலையே பழைய பந்தயக் கார்களின் ஆன்மாவைப் பற்றி ஆயிரம் வார்த்தை எழுதுகிறவர்கள்.

(அம்மா பக்கத்தில் இருந்தால் எங்கள் கார் எழுபதைத் தாண்டாது. எழுபதைத் தொட்டதும் அவர் 'முருகா' என்பார். நான் காலை எடுத்துவிடுவேன்.)

அப்போது நான் சிரம்பானில் ஒரு வங்கியில் குமாஸ்தா. அலுவலகத்தில் குணசேகரன். முகநூலில் 'வேகவேந்தன்'. அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் வாராவாரம் ஒரு அன்றைய ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரு இன்றைய ஸ்போர்ட்ஸ் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டு எழுதுவேன். இரண்டையும் நான் நேரில் பார்த்திருக்க மாட்டேன். பார்த்திருந்தாலும் சிக்னலில் பார்த்திருப்பேன், பச்சை விழுந்ததும் அது போயிருக்கும்.

ஒப்பீட்டில் எப்போதும் பழைய கார்தான் ஜெயிக்கும். புதிய காரில் எல்லாம் கம்ப்யூட்டர், ஓட்டுகிறவன் வெறும் பயணி என்பேன். எஞ்சின் உறுமல்கூட ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று ஏளனம் செய்வேன். பழைய காரிலோ ஸ்டியரிங்கைத் திருப்ப தோள்பட்டை வேண்டும், கிளட்சை அழுத்தத் தொடை வேண்டும், அந்தக் காருக்கு உயிர் இருக்கிறது, ஓட்டுகிறவனை அது புரிந்துகொள்கிறது என்று எழுதுவேன். ஒருமுறை பழைய பந்தயக் கார்களின் விசித்திரமான கியரைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று போட்டேன். சாதாரணக் காரில் கியர்க் குச்சியை இடது பக்கம் மேலே தள்ளினால் ஒன்றாம் கியர். அந்த வகைக் கார்களில் தலைகீழ். இடது பக்கம் கீழே இழுத்தால்தான் ஒன்று. மேலே தள்ளினால் ரிவர்ஸ். 'இது தெரியாதவன் அந்தக் காரைத் தொடக் கூடாது' என்று கட்டுரையை முடித்திருந்தேன். நிறைய பேர் கைதட்டினார்கள்.

வாசகர்களுக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. என்னிடம் இருந்தது ஆட்டோ லைசன்ஸ். அதாவது, கிளட்ச் இல்லாத, கியர் தானாக மாறிக்கொள்ளும் காரை மட்டும் இவன் ஓட்டலாம் என்று அரசாங்கம் கொடுத்த அனுமதி. என் இடது காலுக்கும் வலது காலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதை ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, ஆட்டோவுக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் லோகேஸ்வரியைக் காதலித்தேன்.

லோகா எங்கள் கிளையிலேயே வேலை பார்த்தாள். வீடு புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. அவளுடைய அப்பா சுப்பையா தோட்டத்திலிருந்து பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிகளுக்குச் சொந்தக்காரர். அவரிடம் இன்னொரு வண்டியும் இருந்தது. அந்தத் தோட்டத்தில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எழுபதுகளின் தயாரிப்பு. பல வருடம் லாரிக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்ததை எடுத்து, பட்டறையில் விட்டு, ஆணி ஆணியாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

அவர் என் வாசகர். அதுவும் பரம வாசகர். லோகா என்னைப் பற்றி வீட்டில் சொன்னபோது, வங்கியில் வேலை, அடக்கமான பையன் என்பதையெல்லாம் அவர் காதிலேயே வாங்கவில்லையாம். வேகவேந்தனா, வரச் சொல் என்றாராம்.

பிரச்சினை லோகாவின் அம்மா புஷ்பம் அவர்கள். அவர் என்னை எதிர்த்தார் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பதற்கு முதலில் என்னைக் கவனித்திருக்க வேண்டும். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவருடைய அண்ணன் மகன் தினேஷ், முறை மாப்பிள்ளை. தெமியாங்கில் சொந்தத் தொழில், சிரித்த முகம், போதாக்குறைக்கு அப்போதுதான் வாங்கிய புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கார். நான் முதல்முறை போனபோது எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தினேஷுக்கு இந்த பிஸ்கட் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லித் தட்டை நீட்டினார். நான் தினேஷுடைய பிஸ்கட்டைத் தின்றேன்.

அன்றைக்குத்தான் சுப்பையா அந்தக் குண்டைப் போட்டார்.

"தம்பி, நீங்க எழுதறது எல்லாம் படிக்கிறேன். சந்தோசம். ஆனா எழுதுனா மட்டும் போதுமா லா? முனியாண்டி கோயில்ல காடிக்கு பூச வச்சிருக்கேன். தினேசும் அவன் காடிய கொண்டாறான். ரெண்டையும் நீங்க ஓட்டுங்க. ஓட்டிப் பாத்துட்டு எது காடின்னு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

(எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்றுதான் பேச்சு. பேச்சின் வாலில் ஒரு 'லா'வும் ஒட்டிக்கொள்ளும்.)

அவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. அந்தக் காரின் கிளட்சைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆகவே பூசையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றும் கௌரவத்தையும் எனக்கே கொடுத்தார். அங்கிள், எனக்கு கியர்க் கார் ஓட்டத் தெரியாது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். லோகா அப்பாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. ஆகவே, அந்தக் காலத்துக் கிளட்ச் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும் அங்கிள், பழகிய காலுக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கால் இரண்டும் நடுங்கின. அதில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை.

மறுநாளே காதரைத் தேடிப் போனேன். ராசாவில் அவன் அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்குக் காய்கறி ஏற்றும் பழைய கியர் வேனைக் காதர்தான் ஓட்டுவான். பள்ளிக்கூடத்திலிருந்து என் நண்பன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு கடை சாத்தும் பிற்பகல்களில் ஒரு காலி மைதானத்துக்கு அழைத்துப் போனான்.

முதல் நாள் வேனின் பின்புறத்தில் முட்டை அட்டைகள் இருந்ததை இருவரும் மறந்துவிட்டோம். நான் கிளட்சை விட்டதும் வேன் தவளை போல ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி குதித்தது. காதர் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நிதானமாக என்னிடம் வந்தான்.

"டேய், இன்னிக்கி கடைல எல்லாருக்கும் ஆம்லெட்டுதான். நீ பேசாம எழுதறத விட்டுட்டு எங்க கடைக்கு ரொட்டி போட வந்துரு லா. அதுக்கும் கை பழகணும், ஆனா கால் தேவையில்ல."

ஆனாலும் அவன் என்னைக் கைவிடவில்லை. உனக்கு நாலு வார்த்தை போதும் என்று சொல்லி மந்திரம் போல ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். அமுக்கு, இடது, மேலே, மெதுவா விடு. எலுமிச்சம்பழம் நசுங்க ஒன்றாம் கியர் போதும், இரண்டாவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதே என்றான். அந்த நாலு வார்த்தையைக் குளிக்கும்போது சொன்னேன், வங்கியில் காசோலைக்கு முத்திரை குத்தும்போது சொன்னேன், அம்மாவுடன் கோயிலுக்குப் போய் சாமிக்கு முன்னால் நின்றபோதும் அதைத்தான் சொன்னேன். கடைசியில் வேன் குதிக்காமல் நகர்ந்தது. காதர் என்னைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. நானே எழுதிய கட்டுரை அந்த நாலு வார்த்தைக்குக் கீழே எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது.

பூசையன்று காலையில் பட்டறைக்காரர்கள் பழைய காரை லாரியில் ஏற்றி வந்து, தோட்டத்து முனையில் இருக்கும் முனியாண்டி கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை நிறம், வெயிலில் கண் கூசியது. பின்னால் பட்டையான எஃகு பம்பர். தோட்டத்து ஜனங்கள், லாரி ஓட்டுநர்கள், சுப்பையாவின் சொந்தபந்தம் என்று நல்ல கூட்டம். ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருந்தது. தினேஷ் வந்து இறங்கினான். அவனுடைய கார் நீல நிறத்தில், தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வாக, வந்து நின்ற பிறகும் ஏதோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல விளக்குகளை மெல்ல அணைத்தது. புஷ்பம் ஆன்டி போய் அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எடுத்துத் துடைத்தார்.

முதலில் புதியதை ஓட்டச் சொன்னார்கள். அதில் கிளட்ச் இல்லை. நான் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தேன். தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது, இன்னொரு பொத்தானை அழுத்தினால் குணம் மாறுகிறது. செம்மண் ரோட்டில் பழ லாரிகள் போட்ட பள்ளம் ஒவ்வொன்றிலும் காரின் அடிவயிறு உரசியது. உரசும்போதெல்லாம் தினேஷின் முகம் சுருங்கியது. "ப்ரோ, ஸ்லோவா லா," என்று ஒரு தடவை சொன்னான், அதற்கு மேல் பாவம் அவனுக்கு வாய் வரவில்லை. பழக்குலை நிறுக்கும் இடம் வரை போய்த் திரும்பும்போது ஒரு நல்ல நேர்ப்பாதை வந்தது. காலை அழுத்தினேன். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. எஞ்சினின் உறுமல் காதுக்குள் இறங்கியது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் பொய் உறுமல் என்று நான் பக்கம் பக்கமாகத் திட்டிய அதே உறுமல்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் என் மனதில் புதிய கார் ஜெயித்துவிட்டது. அதை வெளியே சொன்னால் மாமனார் போய்விடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்து காரைப் பழைய காருக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். வரிசையில் மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால். காரின் கேமராத் திரையில் கோடு எல்லாம் பச்சையாகத் தெரிந்தவரை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருக்கிக்கொண்டுபோய், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாத அளவுக்கு அழகாக நிறுத்தினேன். கூட்டத்தில் யாரோ 'பாரு, என்னா பார்க்கிங்' என்றார்கள். தினேஷ் விட்டால் போதும் என்று இறங்கிப் போனான். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

பூசாரி வேலையை ஆரம்பித்தார். சாமிக்குச் சுருட்டும் படையலும் வைத்து, காருக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் போட்டு, நாலு டயருக்கும் முன்னால் ஆளுக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி முன்னால் போய் நாலு பழமும் நசுங்க வேண்டும். அந்த வண்டிக்கு வரவிருந்த கெடுதல் எல்லாம் பழத்தோடு போய்விடும். பாதியில் நிற்கக் கூடாது. பின்னால் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய காருக்குள் உட்கார்ந்தேன். தோலும் பெட்ரோலும் கலந்த வாசனை. ஸ்டியரிங் மெல்லிய மரவளையம். கியர்க் குச்சியின் தலையில் பட்டறைக்காரர்கள் புதிதாக ஒரு மர உருண்டையை மாட்டியிருந்தார்கள். வழவழவென்று இருந்தது. அதில் எண் எதுவும் இல்லை. எனக்கெதற்கு எண்? எனக்குத்தான் மந்திரம் இருக்கிறதே.

எஞ்சினைக் கிளப்பியதும் கார் முழுவதும் அதிர்ந்தது. கூட்டம் குலவையிட்டது. எதிரே கற்பூரத் தட்டுடன் புஷ்பம் ஆன்டி, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லோகா. சுப்பையா ஊன்றுகோலைத் தரையில் தட்டி, போகலாம் தம்பி என்று தலையாட்டினார்.

அமுக்கினேன். இடது. மேலே. மெதுவாக விட்டேன்.

எனக்கு முதலில் தோன்றியது, கோயில் ஏன் தூரமாகப் போகிறது என்பதுதான். அதைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் பின்னால் பிஸ்கட் டின்னை மிதித்த மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் அணைந்தது. அடுத்த நொடி நீலக் கார் அலற ஆரம்பித்தது. விளக்கெல்லாம் அணைந்து அணைந்து எரிய, தோட்டமே கேட்கும்படி அலறியது. டயர்களுக்கு முன்னால் செம்மண்ணில் நாலு எலுமிச்சம்பழமும் பொட்டு வைத்தபடி முழுசாக உட்கார்ந்திருந்தன.

தினேஷ் ஓடி வந்தான். காரின் மூக்கு நடுவில் பிளந்து, நீலச் சில்லுகள் மண்ணில் கிடந்தன. அவன் காரின் அலறலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ப்ரோ..." என்று மட்டும் சொன்னான். லோகாவின் பக்கம் திரும்பவே முடியவில்லை. எல்லாம் முடிந்தது, இந்த வீட்டுப் பக்கம் இனி வரவே முடியாது என்று உறுதியாகத் தெரிந்தது. பழைய காரின் எஃகு பம்பரில் கீறல்கூட இல்லை. அந்தக் காலத்து காடி இரும்பு லா என்று ஒரு லாரி ஓட்டுநர் மெல்லச் சொன்னார். அன்றைக்கு நடந்த ஒரே ஒப்பீடு அதுதான்.

அப்போது புஷ்பம் ஆன்டி கற்பூரத் தட்டுடன் என் ஜன்னலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, பின்னால போறதுக்கா போட்டீங்க?"

"இல்ல ஆன்டி. சத்தியமா ஒண்ணாவதுதான் போட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அதுதான் நான் அறிந்த உண்மை. அவர் தட்டை இரண்டு கையாலும் உயர்த்தி, சன்னதியைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா எல்லாரும்? தம்பி முன்னால போறதுக்குத்தான் போட்டிருக்கு. அப்ப பின்னால தள்ளுனது யாரு? காலைல உத்தரவு கேட்டேன் அப்பா. குடுத்துட்ட."

அழுதுகொண்டே அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். விஷயம் இதுதான். அன்று காலை எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்கு வந்து, இரண்டு பையன்களும் இன்றைக்கு உன் வாசலில் நிற்கப் போகிறார்கள், எவன் வேண்டாம் என்று நீயே காட்டு என்று கேட்டிருக்கிறார். முனியாண்டி இவ்வளவு தெளிவாக பதில் சொன்னதை அந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை.

நான் காருக்குள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். சுப்பையா மறுபக்க ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டார். கண்ணாடியைச் சரி பார்க்கிறவர் மாதிரி கையை நீட்டி, இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்த கியர்க் குச்சியைச் சத்தமில்லாமல் நடுவுக்கு இழுத்துவிட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த கியரப் பத்தி நாலு பக்கம் எழுதியிருந்தீங்களே தம்பி."

தலையை வெளியே எடுத்துக்கொண்டு, மனைவியைத் தூக்கிவிடப் போய்விட்டார். அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. வேறொரு சமயம் கேட்டபோது, தினேஷ் நல்ல பையன், ஆனால் இந்தப் பழைய காரை மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள் மாமா என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான் என்றார்.

பூசாரிக்கு உத்தரவெல்லாம் சரிதான், ஆனால் பழம் இன்னும் நசுங்கவில்லை. வைத்த பழத்தை எடுக்கக் கூடாது, வண்டி முன்னால் போயே தீர வேண்டும் என்றார். சுப்பையாவின் முட்டி ஒத்துழைக்காது. என்னைக் கேட்க யாருக்கும் துணிவில்லை. எனக்கும்தான். லோகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். நகரு என்றாள். நான் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கியர்க் குச்சியைத் தாண்டி மறுபக்க இருக்கைக்குப் போனேன். (அந்த வகைக் கார்களில் இடநெருக்கடி உண்டு என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது.)

அவள் எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை அழுத்தி, குச்சியை இடது பக்கம் கீழே இழுத்தாள். எஞ்சின் ஒருமுறை முனகியது. நாலு பழமும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. குலவைச் சத்தம் எழுந்தது. அவள் காரை நிறுத்தவில்லை. பழக்குலை நிறுக்கும் இடம் தாண்டி, யாரும் இல்லாத செம்பனை வரிசைகளுக்கு நடுவே கொண்டுபோய்த்தான் நிறுத்தினாள்.

"உனக்கு ஆட்டோ லைசன்ஸா?"

ஆமாம் என்றேன். அவளுக்கு எல்லா லாரியும் ஓட்டத் தெரியும் என்பதும், அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்கிட்ட சொன்னா என்னா? அந்த வேகவேந்தன் எல்லாம் படிக்கிறவங்ககிட்ட வச்சிக்க. நான் படிக்கிற ஆள் இல்ல குணா. நான் கட்டிக்கப் போற ஆள்."

அம்மா இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன்னால் மீறியிருக்க முடியாது, அந்த இரண்டு நிமிடமும் உயிரே போய்விட்டது என்றாள். எனக்கு அழுகை வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடித்தபோது, கட்டிக்கப் போற ஆள் என்று அவள் சொன்னது மெதுவாக உள்ளே இறங்கியது. அப்படியென்றால் இன்னும் உண்டா என்று கேட்டேன். முதலில் இறங்கிப் போய் தினேஷிடம் மன்னிப்புக் கேள் என்றாள்.

கேட்டேன். தினேஷ் நல்லவன். செலவைக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் ப்ரோ என்றான். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய், எனக்கே லோகாவைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை, அத்தையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன், கார் போனாலும் பரவாயில்லை என்று கையைக் குலுக்கினான். அன்று பந்தியில் புஷ்பம் ஆன்டி என் இலைக்கு முன்னால் வந்து நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாப்ள என்று கேட்டார். நான் பின்னால் திரும்பி, யாரைக் கேட்கிறார் என்று பார்த்தேன்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்கு அந்த வெள்ளைக் காரில்தான் போனோம், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லோகாதான் ஓட்டினாள். வேகவேந்தன் பக்கத்தை மூடிவிட்டேன். பழைய காருக்கு உயிர் உண்டு, அது ஓட்டுகிறவனைப் புரிந்துகொள்ளும் என்று நான் எழுதியதை முழுமனதாக நம்பியவர், அதை ஒரு வரிகூடப் படிக்காத என் மாமியார் ஒருவர்தான். ஒவ்வொரு வருடமும் முனியாண்டி பூசைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்வார். வருடத்துக்கு வருடம் அது வளர்ந்தது. முதலில் கார் தானாக நகர்ந்தது. அடுத்த வருடம் முன்பக்கத்தில் ஒரு பெரிய கை அழுத்தியதை அவரே பார்த்தார். அதற்கடுத்த வருடம் அந்தக் கையில் சுருட்டு இருந்தது. நானும் லோகாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம்.

போன பூசையில் அவர் இந்தக் கதையைத் தினேஷின் புது மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சுருட்டுப் புகை வரை வந்துவிட்டார். என் மாமனாருக்கு என்ன ஆயிற்றோ, வருடக்கணக்காகத் தன் காருக்குப் பைத்தியம் பிடித்ததாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்க வேண்டும். இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன் மாப்ளதான் கியர மாத்திப் போட்டாரு. அந்தக் காடில ஒண்ணாவது கீழ இருக்கும். இவரு மேல தள்ளிட்டாரு. நான்தான் பாத்துட்டு எடுத்து விட்டேன்."

பந்தியே நின்றது. நான் என் இலையில் இருந்த அப்பளத்தை மிகவும் கவனமாகப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து என் கல்யாணம் ஆட்டம் காண்பதை உணர முடிந்தது. மாமியார் கையில் இருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். கணவரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"கியர் எங்க இருக்குன்னு எழுதுனவரே மாப்ளதான்னு நீங்கதான சொன்னீங்க. எழுதுன ஆளுக்கே மறந்து போச்சின்னா, மறக்க வச்சது யாரு? அன்னிக்கி முனியாண்டிக்குத் தப்பா கியர் போட ஒரு ஆள் வேணும். நம்ம மாப்ளய விட்டா வேற யாரு கெடைப்பா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். முதலில் சிரித்தவன் தினேஷ். லோகா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதை உடைத்தாலும், எதை மறந்துவிட்டு வந்தாலும், யாரும் கோபப்படுவதில்லை. முனியாண்டிக்கு ஏதோ வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, உடைந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.